மீன் விடாத தொட்டி

சுத்தமல்லிக் கல்யாணம், தொண்ணூற்றேழு சதவீதம்.
மாப்பிள்ளை கையில் தாலி,
கெட்டிமேளத்துக்கு இன்னும் நான்கு நொடி,
திரை கறுத்துப்போனது.
இந்தக் கத்திரியில் மூன்றாவது முறை.
மூடியைக் கழற்றி
மேசை விசிறியை அதன் முகத்துக்கு நேரே வைத்தேன்.
பாளையங்கோட்டை அனலை அள்ளி
அதன் வாயில் ஊட்டியது விசிறி.

பேட்டையில் பீர்மைதீன் கடை.
ஜன்னல், பார்ட்டிசன், கொசுவலைக் கதவு.
நான் வரைந்த தாளைத்
தலைகீழாகப் பிடித்துப் பார்த்தான்,
பிறகு நேராக, பிறகு மறுபடியும் தலைகீழாக.
“மீன் தொட்டியாக்கா?”
“தண்ணி ஓடும். மீன் கிடையாது.”
“மீன் இல்லாத தொட்டிக்கு இம்புட்டு ஓட்டை எதுக்கு?”
கேட்டானே தவிர பதிலுக்கு நிற்கவில்லை,
ஸ்கேலை எடுத்துவிட்டான்.

மூன்று மில்லிமீட்டர் தகடு.
சூடேறினால் ரம்பத்தின் பல்லில் அப்பிக்கொள்ளும் என்று
மண்ணெண்ணெய்த் துணியால்
துடைத்துத் துடைத்து அறுத்தான்.
முதல் தகடு மடிப்பில் கீறிவிட்டது.
கீறலில் நகத்தை ஓட்டிப் பார்த்து
“முழங்காலை மடக்குற மாரி மடக்கணும்,
தாளை மடக்குற மாரி மடக்கிட்டேன்” என்று
அடுத்ததை ஓர் இரும்புக் குழாய்மேல் வைத்து வளைத்தான்.
மூலை உருண்டு வந்தது,
கன்னம்போல.

ரேடியேட்டருக்குத்தான் சண்டை.
மச்சான் ஒர்க்‌ஷாப்பில்
காரிலிருந்து கழற்றியது ஒன்று சும்மா கிடக்கிறதாம்.
“அலுமினியம்க்கா. காசு வேண்டாம்.”
என் பிராசஸர்மேல் உட்காரும் கட்டை செம்பு,
செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரைக் குடித்தால்
ஒன்று மற்றதைத் தின்றுவிடும்,
கொஞ்ச மாதத்தில் வெள்ளைக் களிம்பு வந்து
குழாயை அடைக்கும் என்றேன்.
சிரித்தான்.
“தாமிரபரணித் தண்ணிய எங்க உம்மா
அலுமினியக் குண்டான்லதான் புடிச்சு வைக்கா.
இருவது வருசமா குண்டான் அப்படியேதான் இருக்கு.”
பேரில்தான் செம்பு என்றேன்.
“அப்ப பேரு வச்சவன்கிட்டல்லா கேக்கணும்”
என்று அடுத்த ஓட்டையைப் போட்டான்.

செம்பு ரேடியேட்டர் சென்னையிலிருந்து கூரியரில் வந்தது.
விலையை வீட்டில் பாதியாகச் சொன்னேன்.
வண்ணார்பேட்டை பேட்டரிக் கடையில்
டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் கேட்டதற்கு
“எத்தன லாரி ஓடுது?” என்றார்கள்.

மதர்போர்டுக்கு மின்சாரம் தராமல்
பம்பை மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.
பேப்பர் கிளிப்பை வளைத்து
கேபிள் முனையில் செருகினேன்.
ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே வெள்ளைத் தாள்.
தண்ணீர் குழாயில் ஏறி, குமிழி துப்பி,
இருமி,
பிறகு இருக்கிற இடம் தெரியாமல் ஓடியது.

டார்ச்சோடு உட்கார்ந்திருந்தேன்.
மூன்றரை மணிக்குத் தாளில் ஒரு சொட்டு.
நட்டைத் திருகினேன்.
இன்னொரு சொட்டு. இன்னும் திருகினேன்,
நான்காயிரம் ரூபாய்க் கட்டை முறுகும் அளவுக்கு.
மூன்றாவது சொட்டு கண்ணெதிரே விழுந்தது,
என் தாடையிலிருந்து.
நம்பாமல் நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
உப்பு.

மறுநாள் தாலி ஏறியது.
அறுபத்தொரு டிகிரி. அதற்கு மேல் நகரவில்லை.
சூடு ஒன்றும் செத்துப்போகவில்லை,
ரேடியேட்டர் அதை மொத்தமாகக் கொண்டுவந்து
என் முழங்காலில் கொட்டுகிறது.
ஆனி பிறந்து
செங்கோட்டைக் கணவாய்க் காற்று வரும்வரைக்கும்
எனக்கு ஈரத்துண்டு.

சாயங்காலம் போன் வந்தது.
“என்னக்கா, மீன் விட்டாச்சா?”
“இல்ல.”
“விடும்போது சொல்லுங்க.
அடித்தகட்டுல ஒரு ஓட்டை கூட இருக்கும்,
உங்க படத்துல இல்லாதது.
தண்ணி மாத்தணும்லா?”

தரையில் மல்லாந்து பார்த்தேன்.
பெருவிரல் நுழையும் அளவு,
விளிம்பெல்லாம் அரம் போட்டு மழித்து,
ஜன்னல் ரப்பர் சுற்றியிருந்தான்.